மறைத்த காயமும் கற்ற கல்வியும்



கடல் கடந்து வாழும் உங்கள் மகளோ சகோதரியோ ஒருநாள் தொலைபேசியில், "நான் உளவளத்துணைத் துறையில் உயர்கல்வி கற்கப் போகிறேன்" என்று கூறினால் உங்கள் மறுமொழி என்னவாக இருக்கும்? "இந்த வயதில் எதற்கு?" என்பீர்களா? "பிறர் கவலையைக் கேட்பதற்கும் ஒரு பட்டமா?" என்பீர்களா? புலம்பெயர்ந்த ஒருவரை இத்துறைக்கு அழைத்து வருவது பல வேளைகளில் ஊதியமன்று. எவரிடமும் சொல்லாத ஒரு காயம். இதனை விளங்கிக்கொள்ள ஈடித் ஈகர் என்னும் பெண்மணியின் வாழ்வைச் சற்றுச் சிந்திப்போம்.

1927 ஆம் ஆண்டு, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் கொஷிட்செ நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். நடனமே அவருடைய இளவயதுக் கனவு. 1944 இல், பதினாறு வயதில், பெற்றோருடனும் சகோதரியுடனும் அவுஸ்விச் வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பெற்றோர் அங்கே கொல்லப்பட்டனர். அந்த நாட்களிலேயே, மரணத்துக்கு ஆள் தெரிவுசெய்த மருத்துவன் மெங்கலேயின் முன்னால் நடனமாடும்படி அச்சிறுமி பணிக்கப்பட்டாள். 1945 மே மாதம் அமெரிக்கப் படையினர் அவரை ஒஸ்திரியாவிலுள்ள முகாமொன்றிலிருந்து மீட்டபோது அவர் குற்றுயிராகக் கிடந்தார்.

1949 இல் கணவருடனும் சிறு மகளுடனும் அவர் அமெரிக்காவில் குடியேறினார். பால்டிமோர் நகரின் தையல் தொழிற்சாலையொன்றில், சிறுவர் உள்ளாடைகளில் தொங்கும் நூல்களைக் கத்தரிப்பதே அவர் வேலை. டசினுக்கு ஏழு சதம் கூலி. தம் ஆங்கிலத்தின் தொனியை எண்ணி வெட்கினார். மற்றவர்களைப் போலவே தாமும் ஆகிவிட வேண்டும் என்ற ஆவலில் முகாமின் நினைவுகளைப் பூட்டி வைத்தார். பெற்ற பிள்ளைகளிடம்கூட நெடுங்காலம் அவற்றைச் சொல்லவில்லை.

பின்னர் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில், மூன்று பிள்ளைகளின் தாயாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே சக மாணவர் ஒருவர், அவுஸ்விச்சிலிருந்து மீண்ட வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிளின் நூலொன்றை அவர் கையில் கொடுத்தார். தாம் மறைத்து வைத்திருந்ததை வேறொருவர் வெளிப்படையாகப் பேசியிருந்ததை அதிலே கண்டார். பிற்காலத்தில் பிராங்கிள் அவருக்கு நண்பருமானார். 1969 இல் உளவியலில் பட்டம் கிடைத்தது. ஆயினும் பட்டமளிப்பு விழாவுக்கு அவர் செல்லவில்லை. பெற்றோர் மாண்டிருக்கத் தாம் பிழைத்திருப்பதே குற்றமென்ற உணர்வு அவரைத் தடுத்தது.

கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும்படி தூண்டப்பட்டபோது, "முடிக்கும்போது எனக்கு ஐம்பது வயதாகிவிடுமே" என்று தயங்கினார். படித்தாலும் படிக்காவிட்டாலும் ஐம்பது வயது வரத்தானே போகிறது என்ற பொருளில் பதில் வந்தது. 1978 இல், ஐம்பது வயதில், மருத்துவ உளவியலில் அவர் கலாநிதியானார்.

ஆனால் பட்டம் காயத்தை ஆற்றிவிடவில்லை. இராணுவ வைத்தியசாலையில் பயிற்சி பெறுகையில், வியட்நாம் போரில் கால்கள் செயலிழந்த இரு வீரர்களைச் சந்தித்தார். ஒருவர் கட்டிலில் சுருண்டு கிடந்து இறைவனையும் நாட்டையும் சபித்துக்கொண்டிருந்தார். மற்றவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, இப்போது பூக்களும் தம் பிள்ளைகளின் கண்களும் தமக்கு அண்மையில் இருப்பதாக மகிழ்ந்தார். இருவரிலும் ஈகர் தம்மையே கண்டார். வெண்ணிற மேலங்கியில் 'கலாநிதி' என்ற பெயர் துலங்கியது. உள்ளேயோ பதினாறு வயதுச் சிறுமி இன்னும் அழுதுகொண்டிருந்தாள். தான் செல்லாத இடத்துக்குப் பிறரை எப்படி அழைத்துச் செல்வது? அந்தக் கேள்வியோடு பின்னர் அவர் அவுஸ்விச்சுக்கே திரும்பிச் சென்று, தம் துயரத்தை நேருக்கு நேர் சந்தித்தார்.

அன்புக்குரியவர்களே, கடவுள் நமக்கு ஆறுதல் அளிப்பது நாமும் பிறருக்கு ஆறுதல் அளிக்கும்படியாகவே எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமடலின் தொடக்கத்தில் கற்பிக்கிறார். அவர் காட்டும் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் நாம் ஆறுதல் பெற வேண்டும். பின்னரே அதனை வழங்க முடியும். பிறருக்குத் துணைநிற்கும் ஆவல் உயர்ந்தது. ஆயினும் சொந்தத் துயரத்திலிருந்து ஒளிந்துகொள்ளும் மறைவிடமாக அது மாறிவிடலாகாது.

போரும் இடப்பெயர்வும் கண்ட நம் வீடுகளிலும் பூட்டிய அறைகள் பல உண்டு. "அதை இப்போது ஏன் கிளறுவான்?" என்று எத்தனை முறை பேச்சை மாற்றியிருக்கிறோம்! எவரையும் பேசும்படி வற்புறுத்த வேண்டாம். ஆனால் ஒருவர் பேச முன்வரும்போது வாயடைக்கவும் வேண்டாம். உளவளத்துணையாளரை நாடுவது விசுவாசக் குறைவுமன்று, குடும்பத்துக்கு இழுக்குமன்று.

ஆகவே, கடல் கடந்த உங்கள் பிள்ளை அத்துறையைக் கற்க விரும்புவதாகக் கூறினால், "எதற்கு?" என்ற அதே வினாவைக் கனிவோடு கேளுங்கள். கேட்டபின் மறுமொழிக்காகப் பொறுமையோடு காத்திருங்கள். பல்லாண்டுகளாக உங்களிடம் சொல்லப்படாத ஒன்று அன்று உங்கள் செவிகளை வந்தடையக்கூடும்.