கரியடுப்புக்கு மரக்கூடு

ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியை மொட்டைமாடியில் கரியடுப்பில் சுட விரும்பும் முகப்பேர் வாசகர்களே! அடுப்புக்கு மரக்கூடு செய்யுமுன் சற்றே சிந்தியுங்கள். மரம் ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடில் தீப்பற்றும். கனன்ற கரியோ 600 டிகிரியையும் தாண்டும். பலமுறை சூடேறிய மரம் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும்.

ஆகவே அடுப்பைச் செங்கல் மேடைமீது நிறுத்துங்கள். கூட்டின் உட்புறம் தகடு அடித்தால் மட்டும் போதாது. தகடே வெப்பத்தை மரத்துக்குக் கடத்திவிடும். இரண்டிற்குமிடையே காற்றோடும் சந்து வேண்டும். மேற்புறம் திறந்திருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் அறவே வேண்டா. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

மழை வந்துவிட்டதென்று அடுப்பை வீட்டினுள் கொண்டுவராதீர்கள். எரியும் கரி வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, ஆளையே கொன்றுவிடும்.

உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். சாம்பல் மூடிய கரி மறுநாள்வரைகூடக் கனலும். அதனை இடுக்கியால் எடுத்து, நீர் நிறைந்த இரும்பு வாளியில் இட்ட பின்னரே கூட்டைச் சாத்துங்கள்.