தாத்தா நாற்காலியை மெஷின் போட்டு சுரண்டாதீர்கள்!

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்

சென்னை,

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் கிடந்த தேக்கு நாற்காலியும் எழுத்து மேஜையும் கீழே இறங்குகின்றன.

எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும். தேக்கா, மாமரமா என்றே தெரியாது!

"ஏம்ப்பா, மெஷினைப் போட்டு சட்டுனு முடிச்சுடேன்" என்று பாலீஷ்காரரிடம் சொல்லி விடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்காலி வெளுத்து விடுகிறது. கைப்பிடியில் இருந்த பூ வேலையும் மழுங்கி விடுகிறது! மேலே ஒட்டிய மெல்லிய ரோஸ்வுட் தகடு இருந்தால் அதுவும் போச்சு. பழைய சாமான் வாங்குகிறவர் இதைப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார்.

இத்தனைக்கும் கறுத்திருப்பது பெரும்பாலும் மரம் அல்ல. மேலே இருக்கும் பாலீஷ்தான்.

அரக்கா, வார்னிஷா?

அந்தக் காலத்தில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சு பொதிந்த துணியால் பல தடவை பூசுவார்கள். எண்ணெய்க் கையும் அடுப்புப் புகையும் அதில் ஏறி கறுத்து விடும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். சில சாமான்களுக்கு இதுவே போதும்!

போகாவிட்டால், வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் பஞ்சை ஒரு நிமிஷம் வைக்க வேண்டும். பிசுபிசுத்து பஞ்சில் பழுப்பு இறங்கினால் அரக்கு. அசையாமல், தின்னரில் மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷ். அதற்கு பெயிண்ட் ரிமூவர்தான் வழி.

அரக்கு என்றால் அதிர்ஷ்டம்! ஸ்பிரிட்டும் மெல்லிய கம்பி நாரும் போதும். மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, கரைந்ததை உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விட்டால் மறுபடி ஒட்டிக் கொள்ளும்.

சாயம் போகாது

பாலீஷ் போன பிறகும் காப்பி நிறம் தெரியலாம். அது மரத்துக்குள் இறங்கிய சாயம். கொஞ்சம் வெளுக்கும், அடியோடு போகாது. அதை விரட்டப் போய்த்தான் பலர் மெஷினை எடுக்கிறார்கள். பாதி நிறத்தோடு விட்டு, மேலே புது அரக்கு பூசினால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

ஆணித் துருவால் வந்த கருந்திட்டு வேறு. ஆக்சாலிக் ஆசிட் கரைசல் அதை எடுத்துவிடும். ஆனால் விஷம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். தேக்கு இன்னும் கறுக்கும், பசை மூட்டும் விட்டுப்போகும்.

குழந்தைகள் ஜாக்கிரதை!

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறைப் பக்கமும் பூஜை விளக்குப் பக்கமும் இந்த வேலை கூடாது.

நாற்காலியில் பழைய பச்சை பெயிண்ட் இருந்தால் இன்னும் கவனம் தேவை. நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்று உச்சவரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால், அந்தத் தூள் தரையில் தவழும் பிள்ளையின் வாய்க்குப் போய்விடும்.