எந்த நாட்டுத் தட்டும் நம் வீட்டில் ஓடுமா?

நெய்யூரில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஓர் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். காப்பி வருமுன் வினா வந்தது. அவ்வீட்டின் இளைய மகள் அயர்லாந்து நாட்டில் செவிலியாகப் பணிபுரிகிறார். அங்கே ஒரு படத்தின் ஒளித்தட்டு விற்பனைக்கு இருப்பதைக் கண்டு, "நம்ம ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் ஏறின மலைப் படம் அம்மா! வாங்கி அனுப்பட்டுமா? நம் வீட்டுப் பெட்டியில் ஓடுமா?" என்று தொலைபேசியில் கேட்டாராம். அம்மாள் அவ்வினாவை அப்படியே நம் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்த டாக்டர் யாரென்று நெய்யூர் முதியோரிடம் சொல்லத் தேவையில்லை. இளையோருக்காகச் சில வரிகள். தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறும் குழுவில் சென்றவர். மலையிலிருந்து இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு, அன்றைய திருவிதாங்கூரிலிருந்த நெய்யூருக்கும் வந்தார். 1838-இல் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணியின் வாயிலில் நோயாளிகள் காத்துக் கிடந்ததையும், அவர்களைக் கவனிக்க மருத்துவர் போதாததையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே பணிபுரிய வந்துவிட்டார். 1924-இல் மீண்டும் ஒருமுறை எவரெஸ்டுக்குச் சென்று, ஜூன் 4-ஆம் நாள் நார்ட்டன் என்பவருடன் பிராணவாயுக் கலம் இல்லாமலே ஏறினார். தொண்டை அடைத்து மூச்சுத் திணறியதால் சாமர்வெல் நின்றுவிட, நார்ட்டன் மட்டும் 8,573 மீட்டர் வரை சென்று திரும்பினார். அந்தப் பயணத்தை ஜான் நோயல் என்பவர் ஊமைப்படமாக எடுத்தார். பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் அதனைச் செப்பனிட்டு 2013-இல் திரையிட்டது. மறு ஆண்டு தட்டாகவும் வெளியிட்டது. நெய்யூர்க் குடும்பம் ஒன்று இதைக் காண விரும்புவது இயல்பே.

ஆனால் "ஓடுமா" என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. காரணம், படத்தட்டுகளின்மேல் இடப்பட்டுள்ள ஒரு பூட்டு.

டி.வி.டி. என்னும் தட்டு 1996-இன் இறுதியில் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அப்போது பெரும் திரைப்பட நிறுவனங்களுக்கு ஓர் அச்சம். ஒரு படம் அமெரிக்காவில் திரையிடப்பட்டுச் சில மாதம் கழித்தே பிற நாடுகளுக்குச் செல்வது அக்கால வழக்கம். அதற்குள் அமெரிக்காவில் தட்டு விற்பனைக்கு வந்து, அது கடல் கடந்து போய்விட்டால், அங்குள்ள கொட்டகைகளுக்கு யார் வருவார்? நாட்டுக்கு நாடு வேறு வேறு விலை வைக்கும் வசதியும் போய்விடும். ஆகவே உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டுக்கு ஓர் எண்ணும் பிளேயருக்கு ஓர் எண்ணும் கொடுத்தார்கள். இரண்டும் ஒத்திருந்தால் படம் ஓடும். இல்லையேல் திரையில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் தோன்றும்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1. மேற்கு ஐரோப்பா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா, வளைகுடா நாடுகள் 2. சிங்கப்பூர், மலேசியா முதலியன 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, ரஷ்யா ஆகியவை 5. சீனாவுக்கு 6. விமானத்திலும் கப்பலிலும் காட்டும் தட்டுகளுக்கென்று 8 என்ற தனி எண்ணும் உண்டு; குளச்சல் பக்கத்துக் கப்பல்காரர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும். எண்ணே இடாத தட்டுகளும் உள்ளன. அவற்றை 0 என்றோ 'ஆல்' என்றோ குறிப்பார்கள். தமிழ்ப் படத் தட்டுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. இதனால்தான் நம்மில் பலருக்கு இப்படியொரு பூட்டு இருப்பதே தெரியாமற் போயிற்று.

நம் மாவட்டத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மூத்தவன் குவைத்தில், அடுத்தவன் சிகாகோவில், மகள் அயர்லாந்தில், மைத்துனர் சிங்கப்பூரில், பெற்றோர் நெய்யூரில். ஒரே குடும்பம், நான்கு மண்டலங்கள்! இந்த எண்களை வகுத்தவர்கள் இத்தகைய குடும்பங்களை நினைத்திருக்கமாட்டார்கள்.

எல்லா மண்டலத் தட்டுகளையும் ஏற்கும் பிளேயர் இதற்கு மாற்று. அதில் இருவகை உண்டு என்பதை வாங்குவோர் அறிய வேண்டும். முதல் வகை, எண்ணையே பொருட்படுத்தாதது. இரண்டாம் வகை, நாமே ரிமோட்டின் மூலம் 1, 2, 3 என்று எண்ணை மாற்றிக்கொள்ளக்கூடியது. முதல் வகையே எளிது என்று தோன்றும். ஆயினும் 2000-ஆம் ஆண்டளவில் சில அமெரிக்கத் தட்டுகளில் ஒரு தந்திரம் சேர்க்கப்பட்டது. தட்டு பிளேயரைப் பார்த்து, "நீ மெய்யாகவே 1-ஆம் எண்ணா?" என்று வினவும். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பிளேயர் அங்கே மாட்டிக்கொள்ளும். எண்ணை மாற்றக்கூடியதோ தப்பித்துவிடும். எனவே அமெரிக்காவிலிருந்து மிகுதியாகத் தட்டு வரும் இல்லங்களுக்கு இரண்டாம் வகையே தக்கது என்பது நம் கருத்து.

ப்ளூ-ரே எனப்படும் புதுவகைத் தட்டுக்கு வேறு பிரிவினை. அங்கே ஏ, பி, சி என மூன்றே மண்டலங்கள். அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் ஏ. ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா பி. இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் சி. கடைக்காரர் "எல்லா நாட்டுத் தட்டும் ஓடும்" என்று கூறும்போது, பல வேளைகளில் அது டி.வி.டி.க்கு மட்டுமே பொருந்தும். ப்ளூ-ரேயின் பூட்டு அப்படியே இருக்கும். இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். 4கே எனப்படும் மிகப் புதிய தட்டுகளுக்கு மண்டலப் பூட்டே இல்லை. இருபதாண்டுத் தொல்லைக்குப் பின் அறிவு பிறந்தது போலும்.

பூட்டைத் திறப்பது குற்றமாகுமா என்று அவ்வீட்டுத் தலைவர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பத் தடையை உடைப்பதையே தண்டனைக்குரியதாகக் கூறுகிறது. விலை கொடுத்து முறையாக வாங்கிய தட்டை நம் வீட்டில் நாமே பார்ப்பதில் அந்நோக்கம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவில் போட்டி, நுகர்வோர் ஆணையமே இம்மண்டல முறையைக் கேள்விக்குள்ளாக்கியது. திருட்டுத் தட்டு வாங்குவது வேறு. அதற்கு நாம் சாக்குக் கூற முன்வரோம்.

இவ்வளவும் கூறியபின், "உங்கள் வீட்டிலுள்ள தட்டுகளைக் காட்டுங்கள்" என்றோம். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கிற்று. உள்ளே பதினொரு தட்டுகள். மகனின் திருமணம், பேத்தியின் ஞானஸ்நானம், சிகாகோவிலிருந்து குழந்தைகளுக்கென வந்த கார்ட்டூன் படங்கள் இரண்டு. அடியில், உறையின்றிக் காகிதத்தில் சுற்றப்பட்டு, பேனாவால் 'பாட்டா 2006' என்று எழுதிய தட்டு ஒன்று.

அம்மாளின் தகப்பனார் 2006-இல் பேரனைப் பார்க்க சிகாகோ சென்று மூன்று மாதம் தங்கியிருந்தார். அப்போது அங்கே எடுத்த காட்சிகள். திரும்பி வந்த சில ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். தட்டைப் போட்டால் படம் நிறமின்றி மேலும் கீழும் உருண்டோடியதாம். "அமெரிக்கத் தட்டு, இங்கே ஓடாது" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். அதோடு டின்னுக்குள் போயிற்று. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகி இருக்கவில்லை.

நாம் வியந்தோம். ஏனெனில் வீட்டில் பதிவு செய்யும் தட்டுக்கு மண்டல எண் இராது! மேலும் பூட்டிய தட்டில் படமே வராது; உருண்டோடும் படம் வருவதில்லை. ஆகவே இது வேறு நோய்.

அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளின் பழைய தொலைக்காட்சி முறை என்.டி.எஸ்.சி. என்பது. அதில் ஒரு படத்துக்கு 525 வரிகள். நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். இந்தியாவும் பிரிட்டன், அயர்லாந்து முதலிய நாடுகளும் கைக்கொண்ட பால் முறையில் 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் பல, ஒரு முறையை மட்டுமே அறிந்தவை. மற்ற முறையில் படம் வந்தால் நிறம் போய்விடும், படம் நில்லாது. இது மண்டலப் பூட்டன்று. ஆயினும் மக்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிப் புதுப் பிளேயர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நம் நாட்டில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு முறையை மற்றொன்றாக மாற்றித்தரும் ஆற்றல் உண்டு. அமைப்புப் பக்கத்தில் 'டி.வி. டைப்' என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றிருப்பதைப் 'பால்' என்று மாற்றினால் போதும்.

அவ்வீட்டுப் பிளேயரில் அப்படியே செய்தோம். படம் நிமிர்ந்து நின்றது, நிறமும் வந்தது. கம்பளிக் குல்லாயுடன் ஒரு முதியவர் பனியை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். "போதும் பாட்டா, உள்ளே வாங்க" என்று ஒரு சிறுவன் குரல். "இந்தக் கொஞ்சம்தான் மக்களே" என்று அவர் திரும்பிச் சொன்னார். அம்மாள் எழுந்து தொலைக்காட்சியின் அருகில் போய்த் தரையிலேயே அமர்ந்துகொண்டார். அரைமணி நேரம் நாம் எவரும் பேசவில்லை.

பின்னர் கல்லூரியில் படிக்கும் இளைய மகன், பிளேயரின் பின்புறமிருந்த மாதிரி எண்ணைக் கொண்டு அதன் மறைபட்டியலைத் திறக்கும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தான். தட்டு வைக்கும் தட்டத்தை வெளியே நீட்டி, ரிமோட்டில் சில எண்களை அழுத்த, மண்டலப் பட்டியல் தோன்றியது. 1 என்று மாற்றியதும் கார்ட்டூன் படமும் ஓடிற்று. இவ்வழி எல்லாப் பிளேயருக்கும் வாய்க்காது. பெரிய நிறுவனங்களின் சில மாதிரிகள் எதற்கும் அசைவதில்லை. ஆனாலும் பணம் செலவிடுமுன் ஒருமுறை முயல்வதில் நட்டமில்லை.

கணினியில் பார்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை. 2000-க்குப் பின் வந்த டி.வி.டி. டிரைவ்களில் மண்டல எண்ணை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்த எண்ணே நிலைத்துவிடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து பிளேயரையே கொண்டுவருவோர் மின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இதை நாம் அறிவுரையாக அன்றி, சுட்டுக்கொண்ட கையுடன் கூறுகிறோம். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. உறவினர் ஒருவர் அன்புடன் கொணர்ந்த பிளேயரை, பின்புறம் எழுதியிருந்ததைப் படியாமல் நம் வீட்டுச் சுவரில் செருகினோம். ஒரு சிறு ஓசை, சிறிது புகை, அவ்வளவுதான். '100–240' என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே அச்சமின்றிச் செருகலாம்.

புதிதாக வாங்குவோர் காலம் தாழ்த்தாமல் இருப்பது நல்லது. பிளேயர் செய்வோர் குறைந்து வருகிறார்கள். நாடு கடந்தும் விரும்பப்பட்ட ஒப்போ பிளேயர்களின் உற்பத்தி 2018-இல் நின்றது. அடுத்த ஆண்டு சாம்சங் நிறுவனமும் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாதிரிகள் இல்லை என்று அறிவித்தது. நம் நாட்டில் 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் படத்தட்டு விற்ற மோசர் பேயர் நிறுவனமே 2018-இல் கலைப்புக்கு உள்ளாயிற்று. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையேறும்போது, ஓடாத தட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே போட்டுப் பாருங்கள். கடைக்காரரின் வாக்குறுதியைவிட அதுவே மேல். வீட்டிலுள்ள தொலைக்காட்சியில் பழைய மூவண்ணக் கம்பிக்கு இடம் உள்ளதா, எச்.டி.எம்.ஐ. மட்டுமா என்பதையும் பார்த்துச் செல்லுங்கள்.

வீட்டில் பதிவு செய்த தட்டுகள் நிலையானவை அல்ல. அவற்றின் சாயப்படலம் வெயிலாலும் வெப்பத்தாலும் மங்கும். கூர்மையான பேனா எழுத்து மேற்பரப்பைக் கீறும். ஓடும் பிளேயரோ டிரைவோ கிடைத்தவுடன் குடும்பத் தட்டுகளை இரு வேறு இடங்களில் நகலெடுத்து வைப்பதே முதல் வேலை. அன்று மாலையே இளைய மகன் 'பாட்டா 2006'-ஐக் கணினியில் நகலெடுத்து, ஒரு படியைச் சிகாகோவிலிருக்கும் அண்ணனுக்கும் அனுப்பிவிட்டான்.

அயர்லாந்து மகளுக்கு உரிய விடையையும் எழுதிக் கொடுத்தோம். சாமர்வெல் சென்ற பயணத்தின் படம் டி.வி.டி.யும் ப்ளூ-ரேயும் ஒரே பெட்டியில் இருக்குமாறும் வெளியிடப்பட்டுள்ளது. நெய்யூர் வீட்டில் ப்ளூ-ரே பிளேயர் இல்லை, ஆகவே டி.வி.டி.யும் உள்ள பெட்டியையே வாங்க வேண்டும். அயர்லாந்தும் நம்மைப் போலவே பால் முறை நாடு என்பதால் படம் உருண்டோடும் என்ற கவலை பெரிதாக இல்லை. உறையின் பின்புறம் சிறு பூவுருண்டைச் சின்னத்துக்குள் எந்த எண் உள்ளது என்று பார்த்து, பணம் கட்டுமுன் ஒரு நிழற்படம் எடுத்து அனுப்பும்படி கூறியிருக்கிறோம். எண் 2 ஆனால் ரிமோட்டில் 2 வைத்துக்கொள்ளலாம். படம் வந்ததும் நம்மையும் அழைப்பதாக அம்மாள் சொல்லியிருக்கிறார்.