மேல் அம்புக்கு மூன்று எண்கள்

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘கேட்’ என்று தட்டி என்டர் கொடுங்கள். பிறகு மேல் அம்பு விசையை அழுத்துங்கள். கர்சர் மேலே போகாது. தொப்பிக் குறி ஒன்று, சதுர அடைப்புக்குறி இரண்டு, ஆங்கில ‘ஏ’ ஒன்று என ஏதோ கிறுக்கல் வந்து விழும். கீபோர்டு பழுது என்று தோன்றும். பழுதெல்லாம் இல்லை, அம்பு விசை அனுப்புவதே அதுதான்.

ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுத்த ஆஸ்கி பட்டியலில் அம்புகளுக்கு இடமில்லை. அதனால் மேல் அம்பு 27, 91, 65 என்று மூன்று எண்களாகப் போகிறது. 27 எஸ்கேப் (திரையில் தொப்பியும் முதல் அடைப்புக்குறியுமாகத் தெரிவது அதுதான்), 91 இரண்டாவது அடைப்புக்குறி, 65 ‘ஏ’. கீழ், வலது, இடது அம்புகளுக்குக் கடைசி எண் மட்டும் 66, 67, 68 என மாறும். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கும் ஷெல் இதைப் படித்துப் பழைய கட்டளையைக் கொண்டுவருகிறது. ‘கேட்’ அந்த வேலைக்கே போவதில்லை.

இந்த வழக்கம் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் 1978இல் வெளியிட்ட விடி100 என்ற டெர்மினல் கருவியோடு வந்தது. அதற்கு முந்தைய விடி52 இரண்டே எண்களோடு நிறுத்திக்கொண்டது. விடி100 இன்னொரு சிக்கலையும் சேர்த்தது: அப்ளிகேஷன் மோடு. அதில் நடு எண் 91 அல்ல, 79. அதாவது ஆங்கில ‘ஓ’. திரை முழுவதையும் ஆளும் பல நிரல்கள் தொடங்கும்போது டெர்மினலை இந்த மோடுக்கு மாறச் சொல்லும், முடியும்போது பழையபடி ஆகச் சொல்லும்.

உண்மையான தலைவலி 27இல் இருக்கிறது. எஸ்கேப் விசையை அழுத்தினாலும் அதே 27தான் வரும். வந்தது தனி எஸ்கேப்பா, அம்பின் முதல் துண்டா? நிரல் சற்றுக் காத்திருந்துதான் முடிவெடுக்க வேண்டும். இத்தகைய நிரல்கள் பல பயன்படுத்தும் என்கர்சஸ் நூலகம் வழக்கமாக 1000 மில்லிவிநாடி, அதாவது ஒரு முழு விநாடி காத்திருக்கும். பொறுமையில்லாத நிரலும் மந்தமான இணைப்பும் சேர்ந்தால் வேடிக்கைதான். அப்ளிகேஷன் மோடில் ‘விஐ’ எடிட்டரில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர் மேல் அம்பை அழுத்துகிறார். 27ஐ எஸ்கேப் என்றெண்ணி எழுதும் நிலையிலிருந்து விஐ வெளியேறும், ‘ஓ’வைக் கட்டளையாக எடுத்து மேலே புது வரி திறக்கும், அதில் ‘ஏ’ என்று எழுதியும் வைக்கும்!

விஐயை எழுதிய பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் இந்தத் தொல்லை இல்லை. அதில் தனி அம்பு விசைகளே கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். இன்றும் விஐயில் கர்சரை நகர்த்த அந்த நான்கும் போதும்.

நிரல் மோடைப் பழையபடி ஆக்காமல் பாதியில் செத்து, அம்பு விசைகள் தாறுமாறாக எழுத்துகளை இறைத்தால், ‘ரீசெட்’ என்று தட்டி என்டர் கொடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.