சுனாமியைச் சுரபுன்னைக் காடு தடுத்ததா? பரங்கிப்பேட்டை ஆய்வும் அதன் மேல் எழுந்த கேள்வியும்

"பிச்சாவரம் காடு இருந்ததாலதான் பக்கத்து ஊரெல்லாம் தப்பிச்சுது." டிசம்பர் 26 நெருங்கினால் போதும், இந்த வரி ஏதாவது ஒரு ரீல்ஸில் கண்ணில் பட்டுவிடும். சொல்வது பொய்யா? இல்லை. அப்போ முழு உண்மையா? அங்கேதான் விஷயமே இருக்கு.

இந்த ஒரு வரியை வைத்து கடல் அறிவியல் உலகில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம், கடலூர் மாவட்டத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக மையத்திலிருந்து வந்த ஆய்வு.

பரங்கிப்பேட்டையில் என்ன இருக்கிறது?

வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் ஊர் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இங்கேதான் இருக்கிறது. 1961-ல் தொடங்கப்பட்டது. முதுநிலைப் படிப்பு முதல் பிஎச்.டி. வரை உண்டு.

இதன் பெரிய பலமே இடம்தான். வகுப்பை விட்டு வெளியே வந்தால் முகத்துவாரம், அதைத் தாண்டினால் கடல். தெற்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேரில் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு, அதாவது மாங்குரோவ். நன்னீர், உவர்நீர், சேறு, மணல், காடு என எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் லேப் இது.

2004 சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அலை வடிந்த பிறகு இந்த மையத்தைச் சேர்ந்த கதிரேசனும், அவருடன் ராஜேந்திரனும் ஒரு கேள்வியோடு கிராமங்களுக்குப் போனார்கள்: ஒரே கரை, ஒரே அலை. ஆனால் சில ஊர்களில் நிறைய பேர் இறந்திருக்கிறார்கள், சில ஊர்களில் குறைவு. ஏன்?

ஆய்வு சொன்னது என்ன?

18 குக்கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் உயிரிழப்பு, பொருளிழப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். கூடவே மூன்று விஷயங்களையும் கணக்கெடுத்தார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம்? எவ்வளவு மேடு? ஊருக்கும் கடலுக்கும் நடுவே எவ்வளவு பசுமை?

2005-ல் வெளியான முடிவு இது: தூரம், உயரம், காடு ஆகிய மூன்றும் கூடக்கூட இழப்பு குறைகிறது. அதனால் மக்கள் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில், அடர்ந்த காட்டுக்குப் பின்னால் குடியிருப்பது நல்லது என்று பரிந்துரைத்தார்கள்.

ஆனால் வெளியே பரவியது மூன்றில் ஒன்று மட்டும்தான்: காடு காப்பாற்றியது.

கேள்வி எங்கிருந்து வந்தது?

அடுத்த ஆண்டே கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூன்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். அவர்களின் வாதம் ரொம்ப சிம்பிள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர், இயல்பாகவே கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்? அப்படியென்றால் காப்பாற்றியது காடா, தூரமா?

ஒரு உதாரணம். நல்லா படிக்கிற பசங்களை மட்டும் பார்த்துப் பார்த்து அட்மிஷன் போடும் ஒரு பள்ளி, '100% தேர்ச்சி' என்று பேனர் வைக்கிறது. அந்த மார்க் பள்ளியால் வந்ததா, பசங்களால் வந்ததா? பேனரை மட்டும் பார்த்தால் தெரியாது. ஒரே அளவு படிக்கும் மாணவர்களை இரண்டு பள்ளிகளில் ஒப்பிட்டால்தான் தெரியும்.

அதே மாதிரி, சம தூரத்திலும் சம உயரத்திலும் இருக்கும் ஊர்களை ஒப்பிட்டால், காட்டின் பரப்பால் உயிரிழப்பு குறைந்ததாக இந்தத் தரவில் தெரியவில்லை என்றார்கள் அவர்கள். கதிரேசன் தரப்பும் அதே ஆய்விதழில் பதில் எழுதியது.

இன்னொரு பக்கம், 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த வேறொரு ஆய்வும் கடலூர் கரையைத்தான் பார்த்தது. கடலோரத்தில் இருந்த இரண்டு ஊர்கள் முழுசாக அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் தப்பின என்றது. காடு இல்லாத அக்கம்பக்கப் பகுதிகளில் அலை சேதம் செய்ததையும் சுட்டிக்காட்டியது. காட்டுக்கு ஆதரவான சாட்சிதான். ஆனால் தப்பிய ஊர்கள் இங்கேயும் கடலுக்குத் தள்ளித்தான் இருந்தன.

இது வெறும் கணக்குச் சண்டையா?

இல்லை. பணமும் உயிரும் எங்கே போகிறது என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

'காடுதான் காப்பாத்துச்சு' என்று நம்பினால், அரசு மரம் நடும். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் நிறைய சவுக்கு நடப்பட்டதும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் சவுக்கு நம் கடற்கரையில் இயற்கையாக வளரும் மரம் இல்லை. அதை நடுவதற்காக மணல் மேட்டைச் சமன்படுத்தினால், அலைக்கு முதல் தடையாக நிற்கும் அந்த மேடே போய்விடும். பங்குனி ஆமை முட்டையிடும் இடமும் சுருங்கும்.

'தூரமும் உயரமும்தான் முக்கியம்' என்றால் செலவு வேறு பக்கம் போகும்: வெளியேறும் சாலை, மேடான பாதுகாப்பு மையம், முன்னெச்சரிக்கை. அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.30-க்குச் சற்று முன். அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஓடித் தப்ப நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது 2007 அக்டோபரில்தான்.

'முன்னாடி காடு இருக்கு, நமக்கு ஒண்ணும் ஆகாது' என்று ஒரு ஊர் எச்சரிக்கையைக் கேட்டும் கிளம்பாமல் இருந்தால்? அதுதான் இதில் இருக்கும் நிஜமான ஆபத்து.

அப்போ காடு வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். சாதாரண அலை சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்து போகும். அதன் வேகத்தை சுரபுன்னை வேர்கள் நன்றாகவே உடைக்கும். சுனாமி அப்படி இல்லை. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி இருக்கலாம். அதனால் அது வந்து மோதிவிட்டுத் திரும்பும் அலை இல்லை, நிற்காமல் உள்ளே ஏறும் வெள்ளம். காடு எவ்வளவு அகலம், எவ்வளவு அடர்த்தி, அலை எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

இது தவிர இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளர்வது இங்கேதான். மண்ணைப் பிடித்து வைப்பதும் கார்பனைச் சேற்றுக்குள் பூட்டி வைப்பதும் இந்தக் காடுதான். அதைக் காப்பாற்ற இந்தக் காரணங்களே போதும். சுனாமியை நிறுத்தும் சுவர் என்று பில்டப் கொடுக்கத் தேவையில்லை.

கடல் படிப்பு படிக்கணும்னா?

'மரைன் பயாலஜி'ன்னா டைவிங், டால்பின் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இந்த விவாதத்தில் காட்டைப் புரிந்துகொள்ள உயிரியல், அலைக்கு இயற்பியல், மேட்டுக்கு நிலவியல், கடைசியில் தீர்ப்பு சொல்ல புள்ளியியல் என நான்கும் தேவைப்பட்டன. எந்த டிகிரியில் சேர்ந்தாலும் புள்ளியியலை மட்டும் ஸ்கிப் பண்ணாதீர்கள்.

தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டை தவிர, கடற்கரை மேலாண்மைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் பெருங்கடல் மேலாண்மை நிறுவனம், கடல்சார் கட்டுமானத்துக்கு சென்னை ஐஐடியின் பெருங்கடல் பொறியியல் துறை, மீன்வளத்துக்கு தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கின்றன.

படிக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அடுத்த முறை 'ஊரைக் காடு காப்பாத்துச்சு' ரீல்ஸ் வந்தால், ஃபார்வர்ட் செய்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம்? எவ்வளவு மேடு?