நான்கு தந்திகள், ஒரே சுருதி

உ.வே.சாமிநாதையர் சிறுவயதில் வாழ்ந்த ஊர்களுள் பெரம்பலூர்ப் பக்கத்துக் குன்னமும் ஒன்று. அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் பாடகர். உடையார்பாளையம் ஜமீன் வித்துவானும் தம் உறவினருமான கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்தவர். குரு பாட, சீடர் கேட்டுப் பாட, பதங்கள் காது வழியே அடுத்த தலைமுறைக்கு வந்தன.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் இதே கதை நடந்தது. 1911இல் பிறந்த பில் மன்ரோவுக்குப் பழைய நடனப் பாட்டுகளைத் தந்தவர், பிடில் வாசித்த தாய்மாமன் பெண்டில்டன் வாண்டிவர். பிற்காலத்தில் மன்ரோ 'ப்ளூகிராஸ்' இசையின் தந்தை எனப் பெயர் பெற்றார். சொந்த ஊருக்கு அருகிலுள்ள குன்றின் பெயரில் அவர் அமைத்த 'ஜெருசலேம் ரிட்ஜ்' என்ற பிடில் மெட்டு, பல தலைமுறை பழையது போலவே ஒலிக்கிறது.

ப்ளூகிராஸுக்கு ஊற்றாக இருந்த அப்பலாச்சிய மலைநாட்டுப் பிடில் மரபில் நம்மவரை வியக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பிய வழக்கில் வயலினின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். மலைநாட்டார் பல மெட்டுகளுக்கு அதை விட்டுவிட்டு, தடித்த இரு தந்திகளையும் ஒரு சுரம் உயர்த்திக்கொள்வார்கள். அப்போது கிடைப்பது ஸ-ப-ஸ-ப. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்த வயலினும் இன்று அதே ஸ-ப-ஸ-ப முறையில்தான் சுருதி சேர்க்கப்படுகிறது.

காரணம் கணக்கில் இருக்கிறது. மந்தர ஸட்ஜம் விநாடிக்கு 200 முறை அதிர்வதாகக் கொள்வோம். நம் முறையில் மற்றத் தந்திகள் 300, 400, 600. ஐரோப்பிய முறையில் அவை 300, 450, 675. எந்தத் தந்தியும் தன் அடிப்படை அதிர்வோடு அதன் மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கும். 200இன் மடங்குகள் 400, 600, 800. ஆகவே வில் மந்தர ஸட்ஜத்தைத் தொட்டதும், தொடாத 400, 600 தந்திகளும் தாமே அதிரும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலே போதுமே, அதுபோல. 450, 675 தந்திகளுக்கு அந்தத் தள்ளல் நேரம் தவறியே வந்து சேரும். உடன் ஒலிப்பது வெகுவாகக் குறையும்.

நம் வித்துவான் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றிக் கமகம் இழைக்கிறார். மலைநாட்டுக் கலைஞர் ஒரு தந்தியில் மெட்டையும் பக்கத்துத் தந்தியில் விடாத ரீங்காரத்தையும் சேர்த்தே இழுக்கிறார். வாசிப்பு வேறு, பாட்டு வேறு. ஆனால் இருவரும் ஓர் ஆதார சுருதியைச் சுற்றியே இசைப்பவர்கள். அந்தச் சுருதிக்கு மரப்பெட்டி முழுதும் துணை நிற்க வேண்டும் என்ற ஒரே தேவை, இருவரையும் பிரடைகளை ஒரே இடத்தில் நிறுத்த வைத்திருக்கிறது. ஏட்டில் எழுதாமல் காதை நம்பி வளர்ந்த மரபுகள் இயற்பியலை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.