தேசிமரத்துப் புழுவும் பாலர் வகுப்பும்

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்த தொல்காப்பியர், மரபியலில் நண்டையும் தும்பியையும் ஒருங்கே வைத்து நான்கறிவுயிர் என்றார். இன்றைய விலங்கியலாரும் அவ்விரண்டினையும் கணுக்காலிகள் என ஒரே தொகுதியுள் அடக்குவர். உயிர்களை அணுகி நோக்கினார்க்கன்றி இத்தகைய பகுப்பு வாய்ப்பதரிது. பாலர்க்கு விலங்குலகை அறிமுகஞ் செய்யும் நாமோ சிங்கத்தின் படத்தோடும் ஒட்டகத்தின் படத்தோடும் தொடங்குகின்றோம். வீட்டுக் கோடியில் நிற்கும் தேசிமரத்தை மறந்துவிடுகின்றோம்.

தேசி, கறிவேப்பிலை ஆகியவற்றின் இளந்தளிர்களிற் சிலவகை வண்ணத்துப்பூச்சிகள் வெளிர்மஞ்சள் நிறமான சிறு முட்டைகளைத் தனித்தனியே இடும். இடுமுன், தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்க்கும். காலே அதற்கு நாவாகும் என்று கூறின் பிள்ளைகள் நகைப்பர். நகைத்துக் கேட்டது எளிதில் மறவாது. வெளிவரும் புழு கபிலமும் வெள்ளையுங் கலந்து பறவையின் எச்சம் போலத் தோன்றும். இரை தேடும் பறவையும் எச்சமென்றே விட்டகலும். நான்கு முறை தோலுரித்தபின் புழு பச்சை நிறமெய்தும். அந்நிலையில் அதனைச் சீண்டினால், தலைக்குப் பின்னிருந்து கவர்பட்ட கொம்பொன்று வெளிப்பட்டுக் கடுமணம் வீசும். அஞ்சவேண்டியதில்லை. இது மயிர்க்கொட்டியன்று, இதனாற் சொறியுண்டாவதில்லை. ஆயினும் இரண்டினையும் ஒன்றெனக் கருதி நசுக்குவார் பலர். எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்பதை அன்றே பிள்ளைக்குப் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

வளர்த்தற்கு வாயகன்ற போத்தல் ஒன்றும் மெல்லிய துணியும் போதும். நாடோறும் புதிய தளிரிடுக. பூச்சிகொல்லி தெளித்த மரத்தினின்று பறித்தலாகாது. கூடாவதற்குப் பற்றிக்கொள்ள ஒரு குச்சி நிறுத்துக. பிள்ளைகள் கடுதாசிக் கீற்றினாற் புழுவை அளந்து, அன்றன்றே படம் வரைவர். எண்ணும் அளவையும் அவ்வழியே வந்துசேரும். முட்டை முதற் பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதமாதலின், ஒரு தவணைக்குள் முழுவதையுங் காணலாம்.

பூச்சி வெளிவருங்கால் இறகுகள் கசங்கியிருக்கும். உடல்நீரை இறகு நரம்புகளுட் செலுத்தியே அவற்றை அது விரிக்கும். இரக்கத்தால் விரலிட்டு விரிக்க முயல்வோர் அதனை முடமாக்குவர். பிள்ளைக்குக் கைகட்டி நிற்கக் கற்பித்தலே இங்கு அரிய வேலை.

சில புழுக்கள் வண்ணத்துப்பூச்சியாவதில்லை. அவற்றின் உடலைத் துளைத்துச் சிறுகுளவிகளோ ஈக்களோ வெளிவரும்; புழு மரத்திலிருந்தபோதே அவற்றின் தாய் முட்டையிட்டுச் சென்றமையே காரணம். முட்டையாகவே எடுத்து வளர்ப்பின் இஃது அருகும். இவ்வாறு நேர்ந்த போத்தலைப் பிள்ளைகள் வருமுன் அகற்றிவிடும் ஆசிரியருமுளர். அது தகாது. காத்திருந்த பிள்ளை, “எங்கள் பூச்சி எங்கே?” என்று கேட்கும். அது மாண்டது என்பதையும், குளவியும் தன் குஞ்சிற்கு உணவு தேடியதே என்பதையும், குளவியின்றேற் புழுக்கள் பெருகி இளந்தேசி இலையிழக்கக்கூடும் என்பதையும் மறையாது சொல்லுதல் வேண்டும். அழும் பிள்ளை சற்றே அழட்டும். மறுநாள் தளிரிலே முட்டை தேடச் செல்லும்போது முன்னே நடப்பது பெரும்பாலும் அப்பிள்ளையே.